அம்மாவோடு வாக்குச்சாவடிக்குள் போகலாமா? (டெக்சாஸ்)

இர்விங்வாசி:
அம்மாவுக்கு 71 வயது. கிரீன் கார்டு வாங்கி 15 வருடம் தாண்டிவிட்டதால் குடியுரிமைத் தேர்வில் தமிழிலேயே பதில் சொல்லித் தேறினார். நவம்பரில் இங்கே முதல் ஓட்டு. மன்னார்குடியில் ஒரு தேர்தலையும் விட்டவர் இல்லை. சின்னத்தைப் பார்த்து அமுக்கிவிட்டு வருவார். இங்குள்ள மாதிரி வாக்குச்சீட்டைக் காட்டினேன். கவர்னரில் தொடங்கி நீதிபதிகள் வரை பக்கம் பக்கமாகப் பெயர்கள். "சின்னம் எங்கேடி?" என்கிறார்!

அம்மா இருப்பது தம்பி வீட்டில், காலின் கவுண்டி (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). அவன் அன்று வெளியூர். நான் டாலஸ் கவுண்டி வாக்காளர். வேறு கவுண்டிக்காரர் மொழிபெயர்க்கக் கூடாதாமே, உண்மையா?

ஆஸ்டின் தாத்தா:
அது பழைய கதைம்மா. 2014இல் வில்லியம்சன் கவுண்டியில் ஒரு வங்காளி அம்மாவுக்கு இதேதான் நடந்தது. மகனுடைய பெயர் பக்கத்துக் கவுண்டிப் பட்டியலில் இருந்ததால் அவரை மொழிபெயர்க்க விடவில்லை. வழக்கு போனது. அந்த மாநில விதி, நாடு முழுவதற்குமான வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆவது பிரிவோடு மோதுகிறது என்று 2017இல் ஐந்தாவது சர்க்யூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆங்கிலம் எழுதப் படிக்க முடியாதவர் தனக்கு வேண்டிய யாரையும் அழைத்துப் போகலாம். அவருடைய முதலாளி, முதலாளியின் ஆள், அவருடைய யூனியன் ஆள் மட்டும் கூடாது.

நீங்கள் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். வாசித்துக் காட்டுவதோடு சரி, "இவருக்குப் போடும்மா" என்று வாய் தவறிக்கூட சொல்லிவிடாதீர்கள். உள்ளே போன் கூடாது. குறிப்புகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

பழைய பஞ்சாங்கம்:
குடிமகன் ஆனபிறகும் ஆங்கிலம் கற்காமல் இருந்தால் எப்படி?

ஆஸ்டின் தாத்தா:
வயதானவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு வேண்டாம் என்று விட்டதே அரசுதான் ஐயா. குடியுரிமை மட்டும் கொடுத்துவிட்டு ஓட்டுப் போடும்போது ஆங்கிலம் கேட்டால் என்ன நியாயம்?

குயின்ஸ் தமிழச்சி:
தமிழிலேயே வாக்குச்சீட்டு வருமா என்று ஆசைப்பட வேண்டாம் அக்கா. வேற்றுமொழியில் வாக்குச்சீட்டு தரச் சொல்வது அதே சட்டத்தில் 1975இல் வந்த 203ஆவது பிரிவு. அது நம் எல்லோரையும் 'ஆசிய இந்தியர்' என்று ஒரே கூடையில் போட்டுத்தான் எண்ணுகிறது. ஆங்கிலம் போதாத வாக்காளர்கள் கவுண்டியில் 10,000 பேருக்கு மேல், அல்லது 5 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அவர்களிடையே எழுத்தறிவின்மையும் நாட்டுச் சராசரியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். படித்தவர்கள் கூட்டமாகிப் போன நமக்கு அதுவே வினை. தேறினாலும் எந்த மொழி என்பது உள்ளூர் முடிவு: எங்கள் குயின்ஸில் (நியூயார்க்) வங்காளம், சிகாகோ பக்கம் இந்தி.

இர்விங்வாசி:
நன்றி தாத்தா, தங்கச்சி. அம்மாவிடம் சொன்னேன். "நீ வாசி, போதும். யோசனை சொல்லாதே" என்று இப்போதே கண்டிப்பு. நீதிபதிகள் பட்டியலில் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை.