மறு: சறுக்கிப் பறக்கும் மின்விலங்குக்குப் பேர் - 'மின்மிதவி' வேணாமே

நாம கற்பனையில உருவாக்குற, மரத்துக்கு மரம் சறுக்குற விலங்குக்கு 'மின்மிதவி'ன்னு பேர் வைக்கலாம்னு கை தூக்குனவங்க எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பேரக் கேக்குறவங்க மின்சாரம்தான் அதத் தூக்கிப் பிடிச்சிருக்குன்னு நெனச்சுக்குவாங்க. நாம டிசைன் பண்ற விலங்கு 100 கிராம். தெளிவான வானத்துல தரைக்கிட்ட மின்புலம் மீட்டருக்கு சுமாரா 100 வோல்ட், அதுல 100 கிராமத் தூக்க 0.01 கூலும் (மின்னூட்டத்த அளக்குற அலகு) மின்னூட்டம் வேணும். 10 செ.மீ. ஆரம் உள்ள ஒரு உருண்டை உடம்புல சுமாரா 3 மைக்ரோகூலும்தான் (ஒரு கூலும்ல பத்து லட்சத்துல மூணு பங்கு) தங்கும், அதுக்கு மேல போனா சுத்தி இருக்குற காத்தே உடைஞ்சு பொறி பறந்துரும். 3 மைக்ரோகூலும் எவ்வளவு தூக்கும்? 0.03 கிராம். இடிமேகத்துக்குக் கீழ மீட்டருக்கு 10,000 வோல்ட் புலம் கிடைச்சாலும் 3 கிராம்தான், அதுவும் மின்னல் விழுற நேரத்துல வெளிய சுத்துற விலங்கு ரொம்ப நாள் உயிரோட இருக்காது.

> சிலந்தி மட்டும் எப்படிப் பறக்குது அப்போ?

நல்ல கேள்வி. 2018ல பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல காத்தோட்டமே இல்லாத பெட்டிக்குள்ள சிலந்திய வச்சு மின்புலத்த ஆன் பண்ணுனாங்க, அது பின்பக்கத்த தூக்கி நூல் விட்டு மேல எழும்புச்சு. ஆனா அதோட எடை சில மில்லிகிராம், நூலோ எடையே இல்லாத மாதிரி. உடம்பு பெருசாக ஆக எடை கனஅளவுல ஏறும், மின்னூட்டம் பரப்பளவுல மட்டும்தான் ஏறும், அதனால அந்த வித்தை பெரிய உடம்புல பலிக்காது. மின்விலாங்கு மாதிரி ஷாக் அடிக்கட்டும்னு போன மடல்ல வந்த யோசனையும் இதே கதிதான். 2019ல பேர் வச்ச ஒரு மின்விலாங்கு இனம் 860 வோல்ட் வரைக்கும் குடுக்குது, சரி, ஆனா அது தண்ணிக்குள்ள. காத்துல ஒரு செ.மீ. இடைவெளியத் தாண்டவே சுமார் 30,000 வோல்ட் ஆகும்.

அப்போ மின்சாரத்துக்கு இங்க என்னதான் வேலை? என் கணக்குல, வழி கண்டுபிடிக்கிறது. மரம் தரையோட மின்தொடர்புல இருக்குறதால அதோட உச்சிக் கிளை, இலை நுனியச் சுத்தி மின்புலம் நெருக்கமா குவியும். பம்பிள் தேனீ உடம்பு மயிர வச்சே பூவோட மின்புலத்த உணருதுன்னு ஏற்கனவே காட்டியாச்சு. நம்ம விலங்குக்கு கால் இடுக்குல இருந்து விரியுற சவ்வோட ஓரம் பூரா அந்த மாதிரி நீள மயிர் இருக்கட்டும். மூடுபனி, இருட்டு எதுவா இருந்தாலும் இடது பக்க மயிர் அதிகமா சாஞ்சா இடது பக்கம் மரம், அவ்வளவுதான். இந்த உறுப்புக்கு நான் சொல்ற பேர் மின்துழாவி. விலங்குக்கு துழாவிச்சறுக்கி.

இன்னொண்ணு. காத்துல உரசி உரசி அதோட உடம்புல நிலைமின் சேரும். ஹெலிகாப்டர்லயே இந்தத் தொல்லை இருக்கு, அதுல இருந்து தொங்குற கொக்கியத் தொடறதுக்கு முன்னாடி கீழ நிக்கிறவங்க தரையோட இணைச்ச ஒரு கோலால மின்னூட்டத்த வடிச்சுருவாங்க. நம்ம ஆளும் மூக்க முதல்ல மரத்துல வச்சா மூக்குலயே பொறி தட்டும், அதனால வால் முதல்ல தொடணும். அதுக்கு 'வடிவால்'. இதுக்கு யாரும் எதிர்ப்பு சொல்ல மாட்டீங்கன்னு நம்புறேன், எனக்கே ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

---

வடிவால் அருமை தம்பி, அத அப்படியே எடுத்துக்கலாம். கணக்கும் ஒத்துக்குறேன், மிதவி போகட்டும். ஆனா துழாவுறதுன்னா கையால தொட்டுத் தேடுறதுல்ல? இது தொடாமத்தானே உணருது. 'மின்னுணரி' போதாதா?

---

அண்ணே, உணரின்னா சென்சாருக்குன்னு ஆகிப்போச்சு, 'மின்னுணரி'ன்னு எழுதினா ஏதோ கருவியோட பாகம்னு நெனப்பாங்க. தொடணும்ங்குறதும் கட்டாயமில்ல, கூட்டத்துல ஒருத்தரக் கண்ணால துழாவுறதுன்னு சொல்றோமே. அதோட உணர்றதுன்னா சும்மா உக்காந்தும் உணரலாம், இது சவ்வ அசைச்சு அசைச்சு எந்தப் பக்கம் புலம் கூடுதுன்னு தேடிக்கிட்டே இறங்குது. அந்தத் தேடல் 'துழாவி'ல இருக்கு. வினையாவும் வரும் பாருங்க: மின்துழாவுது, மின்துழாவல். 'உணரி'ய வச்சு அப்படி நீட்டிப் பாருங்க, நாக்கு சுளுக்கும்.

எனக்கு இப்போ உறுத்துறது வேற. மழையில அந்த மயிரெல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கிட்டா மின்னூட்டம் கசிஞ்சுரும், மின்துழாவல் மொத்தமா அவுட். மயிருக்கு ஒரு மெழுகுப் பூச்சு குடுக்கலாமா, இல்ல மழைன்னா பொந்த விட்டு வெளிய வராதுன்னு வச்சுக்கலாமா? ரெண்டாவதுதான் எனக்கு சரின்னு படுது. மெழுகுன்னா அதத் தடவ ஒரு சுரப்பி வேணும், அப்புறம் அதுக்கும் ஒரு பேர் தேடணும்.