ஏரல் வீடு குழு: கூடத்துச் சுவரில் ஒரு தடம்

டிசம்பர் 18, வியாழன்

கோமதி சித்தி, 7:42
(படம்)
நாளைக்குப் பெயின்டர் வருகிறார். கூடத்துச் சுவரில் 2023 டிசம்பர் வெள்ளம் நின்ற தடம் இன்னும் அப்படியே இருக்கிறது. ரெண்டு வருஷம் ஆகிவிட்டது, அதன் மேலேயே அடித்துவிடச் சொல்லவா?

சங்கர் அண்ணன், 7:44
என் நெஞ்சு உயரம் சித்தி அது. டிரங்குப் பெட்டியும் சாமி படமும் ஒன்றாக மிதந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கோமதி சித்தி, 7:46
ஆச்சியிடம் கேட்டேன். "அது கிடக்கட்டும். நாளைக்கு எவனாவது இந்தத் தெருவில் தண்ணீரே வரவில்லை என்பான்" என்கிறார்கள்.

மணி அத்தான் டாலஸ், 7:51
விட்டுவிடுங்கள் அத்தை. அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. நம் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழையைவிட அதிகம். இதெல்லாம் காலநிலை மாற்றம்தான், வேறென்ன?

பெரியப்பா, 7:53
பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது
*காலநிலை மாற்றம் ஒரு பித்தலாட்டம்!* பூமி சூடாவதும் குளிர்வதும் இயற்கை. ஒரு எரிமலை வெடித்தால் போதும், மனிதன் நூறு வருஷம் விட்ட புகையைவிட அதிகம். சூரியன்தான் காரணம். 31,000 விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டு மறுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பகிருங்கள்.

பெரியப்பா, 7:55
மணி, இதைப் படி. 1964-இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதே, அப்போது நம் ஊரில் எத்தனை கார் ஓடியது?

நான், 8:04
பெரியப்பா, இந்தக் கேள்வி எல்லாம் வகுப்பில் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுதான். அதனால் பதில் கையிலேயே இருக்கிறது.

31,000 கையெழுத்து என்பது 1998-இல் அமெரிக்காவில் ஓரிகனில் இருந்து சுற்றுக்கு விட்ட மனு. அறிவியலில் ஒரு இளங்கலைப் பட்டம் இருந்தால் போதும், யாரும் கையெழுத்துப் போடலாம். பி.எஸ்சி. விலங்கியல் முடித்த சங்கர் அண்ணனும் போடலாம். காலநிலையையே தொழிலாக ஆராய்கிறவர்கள் அதில் சொற்பம்.

எரிமலைக் கணக்கு தலைகீழ். உலகத்து எரிமலை எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்தில் விடுகிற கரியமில வாயு, நாம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து விடுவதில் நூறில் ஒரு பங்குதான். நம்முடையது வருஷத்துக்குச் சுமார் 3,700 கோடி டன்.

சூரியனைச் செயற்கைக்கோள் வைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் அளந்து வருகிறார்கள். அதன் வெப்பம் கூடவில்லை. அப்புறம், சூரியன் காரணமாக இருந்தால் வானத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாகணும். மேலடுக்கு குளிர்ந்துகொண்டே போகிறது. கீழே யாரோ போர்வை போர்த்திய மாதிரி. இப்படித்தான் ஆகும் என்று சியுகுரோ மனாபே 1967-லேயே கணக்குப் போட்டுச் சொன்னார். 2021-இல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள்.

பெரியப்பா, 8:09
1964-க்குப் பதில் வரவில்லையே.

நான், 8:13
அது நியாயமான கேள்வி. புயலும் வெள்ளமும் எப்போதும் உண்டு. ஒரு மழையைக் காட்டி "பார், காலநிலை மாற்றம்" என்று சொல்வது சரியில்லை, மணி அத்தான் சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2015 சென்னை மழையை அப்போதே ஒரு சர்வதேசக் குழு ஆராய்ந்தது. அந்த ஒரு நாள் மழையில் புவி சூடானதன் கை இருப்பதாகத் தெரியவில்லை என்றுதான் எழுதினார்கள். தங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் எழுதினார்கள். அவர்களை நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மணி அத்தான் டாலஸ், 8:15
சரி, ஒத்துக்கொள்கிறேன். வேகத்தில் சொல்லிவிட்டேன்.

பெரியப்பா, 8:22
நான் ஏன் இதை அனுப்பினேன் தெரியுமா தாயி? என் கடையில் 11 கம்ப்ரசர் போயிற்று. ரிப்பேருக்கு வந்த ஊரார் ஃப்ரிட்ஜ் ஆறு. சேற்றை அள்ளிப் போட்டுவிட்டு நிவாரணம் கேட்டுப் போனால், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொன்னார்: "அண்ணாச்சி, இது காலநிலை மாற்றம். யார் என்ன செய்ய முடியும்?"

பெரியப்பா, 8:24
குளக்கரை உடைந்தது காலநிலையாலா? கோரம்பள்ளம் குளம் உடைந்தது, எத்தனையோ ஊர்க் குளம் உடைந்தது. ஸ்ரீவைகுண்டம் அணையில் மண் மேடேறிக் கிடப்பதை நான் பிறந்ததில் இருந்து பார்க்கிறேன். தூர்வாரச் சொல்லி 2015-லேயே பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. ஆற்றுக்குள் அமலைச்செடி. கால்வாய் ஓரம் கட்டடம். இதையெல்லாம் மூடி மறைக்க இந்த வார்த்தை நல்ல வசதியாக இருக்கிறது. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோமதி சித்தி, 8:26
அத்தான், இதை நீங்கள் எங்களிடம் சொல்லவே இல்லையே.

நான், 8:35
பெரியப்பா, அவர் சொன்னதுதான் தப்பு. காலநிலை மாற்றம் என்றால் யாரும் பொறுப்பில்லை என்று அர்த்தமே இல்லை. மனிதன் செய்தது என்றுதான் அர்த்தம். அவர் அந்த வார்த்தையைச் சாமி குத்தம் மாதிரிப் பயன்படுத்தியிருக்கிறார். உங்கள் ஃபார்வர்டும் அதையேதான் சொல்கிறது, "இயற்கை, யாரும் காரணமில்லை" என்று. நீங்கள் அந்த ஆளோடு சண்டை போட, அவர் பேச்சையே கையில் எடுத்திருக்கிறீர்கள்.

பெரியப்பா, 8:38
மனிதன் செய்தது என்று எப்படிச் சொல்கிறாய்? காற்றில் பெயர் எழுதியிருக்கிறதா?

நான், 8:39
கிட்டத்தட்ட எழுதித்தான் இருக்கிறது. கடையில் முன்பு ஒரு சின்ன விளக்கு வைத்திருப்பீர்களே, நீலமாக எரியுமே. அது எதற்கு?

பெரியப்பா, 8:42
ஹாலைட் டார்ச். லீக் பார்க்க. உள்ளே ஒரு செம்புத் தகடு இருக்கும், அது சிவக்கிற வரை சூடாகணும். அதன் ரப்பர் குழாயை ஜாயின்ட் ஓரமாக மெதுவாக நகர்த்திக்கொண்டு வருவேன். கேஸ் கசிகிற இடம் வந்ததும் சுடர் பச்சையாகிவிடும். சோப்பு நுரையில் பிடிபடாத லீக்கும் அதில் தெரியும். பழைய ஃப்ரிட்ஜ், ஏசி கேஸ் ஆர்-12, ஆர்-22 இரண்டுக்கும் ஆகும், அதில் குளோரின் இருக்கிறது. இப்போது வருகிற ஆர்-32-க்கு ஆகாது.

நான், 8:43
பக்கத்தில் யாராவது விறகு அடுப்பு எரித்தால் பச்சை வருமா?

பெரியப்பா, 8:43
வராது. கேஸுக்குத்தான் வரும்.

நான், 8:51
காற்றில் கூடியிருக்கிற கரியமில வாயுவையும் அப்படித்தான் பிடித்தார்கள். வாசல் வேப்பமரத்தில் இருக்கிற கார்பனில் கார்பன்-14 என்று ஒன்று கொஞ்சம் இருக்கும். அது 5,730 வருஷத்தில் பாதியாகும். தெர்மல் மின்நிலையத்தில் எரிக்கிற நிலக்கரி கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்தது, அதில் கார்பன்-14 துளியும் மிச்சமில்லை. அதை எரித்துக் காற்றில் கலந்தால் காற்றின் கார்பன்-14 நீர்த்துப்போகும், பாலில் தண்ணீர் விட்ட மாதிரி. ஹான்ஸ் சூஸ் 1955-லேயே மரக்கட்டைகளை அளந்து இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"எரிமலைப் புகையிலும் கார்பன்-14 இருக்காதே" என்று கேட்பீர்கள். அதற்கு கார்பன்-13 இருக்கிறது, அது கொஞ்சம் கனமான கார்பன். செடி கொடிகள் லேசான கார்பனைத்தான் விரும்பி எடுக்கும். அதனால் செடியில் இருந்து உண்டான நிலக்கரியிலும் எண்ணெயிலும் கார்பன்-13 குறைவு. எரிமலை விடுவதில் அப்படிக் குறைவு இல்லை. காற்றில் கார்பன்-13-இன் பங்கு வருஷா வருஷம் குறைகிறது. கூடவே ஆக்சிஜனும் மிகச் சிறிய அளவில் குறைகிறது, எதையாவது எரித்தால் அது குறையும். சுடர் பச்சையாகிவிட்டது பெரியப்பா.

சங்கர் அண்ணன், 8:54
இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

பெரியப்பா, 9:01
சரி, வாயு நம்முடையது என்றே வைத்துக்கொள்வோம். அதுதான் சூடு பண்ணுகிறது என்பதற்கு?

நான், 9:07
1856-இல் யூனிஸ் ஃபூட் என்ற அம்மா இரண்டு கண்ணாடிக் குழாயை வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு அடைத்த குழாய் மற்றதைவிட அதிகம் சூடேறியது, ஆறவும் நேரம் எடுத்தது. இந்த வாயு காற்றில் கூடினால் பூமி சூடாகும் என்று அப்போதே எழுதினார். நம் ஊரில் கரன்ட் வருவதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்னால்.

1958-இல் சார்லஸ் கீலிங் ஹவாயில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 315 பங்கு. இப்போது 425-ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகா பனிக்குள் சிக்கின பழைய காற்றுக் குமிழிகளை அளந்தால், எட்டு லட்சம் வருஷத்தில் அது 300-ஐத் தாண்டினதே இல்லை.

உங்கள் தொழில்காரர் ஒருவரும் இதில் உண்டு. வீரபத்ரன் ராமநாதன், மதுரையில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். முதல் வேலை செகந்திராபாத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியில், கேஸ் ஏன் கசிகிறது என்று பார்ப்பது. அப்புறம் அமெரிக்கா போய், அதே ஃப்ரிட்ஜ் கேஸ் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு பலமானது என்று 1975-இல் கண்டுபிடித்தார்.

பெரியப்பா, 9:09
ஆர்-12-ஆ?

நான், 9:09
ஆமாம். ஆர்-11, ஆர்-12 இரண்டும்.

சங்கர் அண்ணன், 9:12
எனக்கு ஒரு சந்தேகம். சூடு கூடினால் உப்பளத்துக்கு நல்லது என்றுதான் நாங்கள் நினைத்தோம், எங்களுக்கு வெயில்தானே சோறு. ஆனால் காலம் தப்பி ஒரு மழை விழுந்தாலும் பாத்தியில் விளைந்த உப்பு அப்படியே கரைந்துவிடுகிறது. மறுபடி முதலில் இருந்து தண்ணீர் கட்டணும். சூடு கூடினால் மழை எப்படிக் கூடும்?

நான், 9:15
காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். பெய்யாத நாளில் இன்னும் உறிஞ்சும், பெய்கிற நாளில் மொத்தமாகக் கொட்டும். நம் பக்கத்து வெப்பமண்டல இந்தியப் பெருங்கடல் 1951-இல் இருந்து 2015-க்குள் ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது. இது மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது, வெளிநாட்டுக்காரர் கணக்கு இல்லை.

மணி அத்தான் டாலஸ், 9:17
இங்கே என் ஆபீஸில் இதைக் கட்சி பார்த்துத்தான் நம்புகிறார்கள். பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தில் இருந்து அமெரிக்கா 2020-இல் வெளியே, 2021-இல் உள்ளே, 2025 ஜனவரியில் மறுபடி வெளியேறக் கையெழுத்து. இத்தனைக்கும் எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகளே 1970-களின் கடைசியில் இருந்து எவ்வளவு சூடாகும் என்று கணித்து வைத்திருந்தார்கள். பெரும்பாலும் சரியாகவே கணித்திருக்கிறார்கள் என்று 2023-இல் சயின்ஸ் இதழில் ஆய்வு வந்தது.

பெரியப்பா, 9:19
அப்படியானால் அவன் எரித்ததற்கு என் கம்ப்ரசர் நனைந்திருக்கிறது.

நான், 9:21
அந்த ஒரு மழையை அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் காற்றில் கூடிய வாயுவில் வேறெந்த நாட்டையும்விட அவர்கள் பங்கு அதிகம். இதுவரை உலகம் விட்ட கரியமில வாயுவில் கால்பங்கு அமெரிக்கா மட்டும். நம் நாடு நூறில் மூன்று பங்கு அளவில்தான். அதை நாம் சத்தமாகச் சொல்லணும் என்றால், முதலில் மனிதன் செய்தது என்று ஒத்துக்கொள்ளணும். இயற்கை என்று சொல்லிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

பெரியப்பா, 9:26
ஆர்-22 எவ்வளவு?

நான், 9:28
ஒரு கிலோ வெளியே போனால் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். கிட்டத்தட்ட 780 லிட்டர் பெட்ரோல் எரித்த மாதிரி.

பெரியப்பா, 9:37
ஒன்றரை டன் ஏசி ஒன்றில் ஒரு கிலோ அளவில் இருக்கும். முப்பது வருஷமாக, கம்ப்ரசர் மாற்றுவதற்கு முன்னால் வால்வைத் திறந்து வெளியே விட்டுத்தான் வேலை தொடங்குவேன். உஸ் என்று போகும். அதைச் சிலிண்டரில் பிடித்துவைக்க மெஷின் இருக்கிறது என்று தெரியும், அது கம்பெனிக்காரர்களுக்கு என்று நினைத்தேன். ஏன் பிடிக்கணும் என்று ஒருவரும் சொன்னதில்லை.

நான், 9:38
தெரியாமல் செய்தது பெரியப்பா. தெரிந்தே மறைத்தவர்கள் வேறு.

பெரியப்பா, 9:40
சங்கர், தூத்துக்குடியில் அந்த ரெக்கவரி மெஷின் என்ன விலை என்று விசாரி.

சங்கர் அண்ணன், 9:40
நாளைக்கே கேட்கிறேன் அப்பா.

பெரியப்பா, 9:44
தாயி, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். உடைந்த கரை, தூர்ந்த மடை, அமலைச்செடி, அணை மண், எல்லாம் நான் சொல்கிறேன். நீ எழுது.

நான், 9:46
எழுதுகிறேன். 95 செ.மீ. மழையும் வரணும். பழைய மழைக் கணக்கை வைத்துக் கரையை உயர்த்தினால் அடுத்த முறை தாங்காது. கடல் சூடாகிறது, இனி இதைவிடப் பெரிய மழைக்கும் தயாராக இருக்கணும் என்று ஒரு பத்தி போடுகிறேன்.

பெரியப்பா, 9:47
போடு. ஆனால் "இயற்கைச் சீற்றம்" என்ற வார்த்தை எந்த வரியிலும் வரக்கூடாது.

கோமதி சித்தி, 9:48
அப்போ பெயின்டரிடம் என்ன சொல்ல?

பெரியப்பா, 9:50
தடத்துக்கு மேலேயும் கீழேயும் மட்டும் அடிக்கட்டும். காலையில் டேப் எடுத்துக்கொண்டு வருகிறேன் கோமதி. தரையில் இருந்து எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று அளந்து மனுவில் போடணும்.