அம்மாவின் கடவாய்ப் புண்

கலா: அம்மாவுக்குக் கடவாய் இரண்டு பக்கமும் மறுபடி வெடித்துவிட்டது. காலையில் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனவள், திறக்க முடியாமல் தட்டிலேயே வைத்துவிட்டாள். காரச் சட்னி பட்டதும் கண்ணில் தண்ணீர். இந்த வருஷம் இது மூன்றாவது தடவை. போட்டோ அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

சித்ரா: பி காம்ப்ளக்ஸ் கொடு அக்கா. எனக்கு அதில்தான் ஆறியது.

கலா: போன தடவையே 15 நாள் கொடுத்தேன் சித்ரா. ஆறின மாதிரி இருந்து திரும்ப வந்துவிட்டது.

ரமேஷ் அண்ணா: உடம்புச் சூடுதான். மோர் நிறையக் கொடு.

வித்யா: சூடு இல்லை அப்பா. கலா அத்தை, பாட்டி ராத்திரி பல் செட்டைக் கழற்றுகிறார்களா?

கலா: கழற்றுவதே இல்லை கண்ணு. ஏன்?

வித்யா: செட் கட்டிப் பத்து வருஷம் ஆயிற்று. ஈறு எலும்பு தேய்ந்து செட் தணிந்துவிட்டது. வாயை மூடினால் கடவாய் மடிந்து எச்சில் அங்கேயே தேங்குகிறது. ஊறின தோல் வெடிக்கும், வெடிப்பில் கேண்டிடா என்ற பூஞ்சை வளரும். சில சமயம் பாக்டீரியாவும் சேரும். எரிகிறதே என்று நாக்கால் தடவினால் இன்னும் மோசம். பி2, பி12, இரும்புச் சத்து குறைந்தாலும் வரும். சித்ரா அத்தைக்கு அதுவாக இருந்திருக்கலாம்.

சித்ரா: ஒட்டிக்கொள்ளுமா? குழந்தைக்குப் பாட்டிதான் முத்தம் கொடுக்கிறாள்.

வித்யா: சாதாரணமாக ஒட்டாது அத்தை. கொத்தாகக் கொப்புளம் வருகிற ஹெர்பிஸ் என்ற வைரஸ் புண்தான் ஒட்டும். போட்டோவில் கொப்புளமே இல்லை, வெறும் வெடிப்புதான்.

கலா: சரி, இப்போது என்ன செய்ய?

வித்யா: ஈரத்தை ஒற்றித் துடைத்துவிட்டு, பூஞ்சையைக் கொல்லும் க்ளோட்ரிமசோல் க்ரீம் இரண்டு வேளை, 2 வாரம். ஆறிவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். இடையில் வாஸ்லின் தடவினால் எச்சில் படாது. கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். செட்டை ராத்திரி கழற்றி, பிரஷ் போட்டுக் கழுவித் தண்ணீரில் வைக்க வேண்டும். அப்புறம் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏறியிருந்தால் பூஞ்சை லேசில் போகாது.

ரமேஷ் அண்ணா: ரத்தம் எடுக்க நாளைக் காலையில் நானே கூட்டிப்போகிறேன். வெறும் வயிற்றில் இருக்கச் சொல். புது செட் எங்கே கட்டலாம் வித்யா?

வித்யா: கோட்டை ஸ்டேஷன் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே அப்பா. மாம்பலத்தில் ரயில் ஏறினால் நேரே போய்விடலாம். புண் ஆறட்டும், பிறகு அளவு எடுக்கலாம்.

கலா: இப்போதுதான் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டேன். யாராவது வந்துவிடுவார்கள் என்று அறைக் கதவைச் சாத்தச் சொன்னாள் அம்மா. இத்தனை வருஷம் இதற்காகத்தான் கழற்றாமல் இருந்திருக்கிறாள். பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறேன்.