புதுப்பிப்பு: ஐபோன் 15, கேலக்ஸி எஸ்24 – பேட்டரி பற்றி இன்னும் கொஞ்சம்

ஆப்பிளின் ஐபோன் 15, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 ஆகிய இந்த இரண்டு போன்களில் எதை வாங்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். பேட்டரியைப் பற்றி விரிவாகக் கேட்டிருந்தீர்கள்.

பேட்டரியின் கொள்ளளவு எஸ்24-இல் 4000 மில்லி ஆம்பியர் மணி, ஐபோனில் 3349. எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். எஸ்24-இன் திரை நொடிக்கு 120 முறை வரை புதுப்பிக்கப்படுகிறது. ஐபோன் 60-ஓடு நின்றுவிடுகிறது. நீண்ட கட்டுரையை விரலால் தள்ளும்போது ஐபோனில் எழுத்துகள் லேசாகக் கலங்குகின்றன. எஸ்24-இல் நகரும்போதே படிக்க முடிகிறது. அந்த வழவழப்புக்கு மின்சாரம் செலவாகத்தான் செய்யும். என் பயன்பாட்டில் இரண்டுமே இரவு வரை தாங்குகின்றன. வெயிலில் வரைபடம் பார்த்தபடி நடந்தால் இரண்டுமே மளமளவென்று இறங்குகின்றன.

80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இரண்டிலும் உண்டு. தயவுசெய்து பயன்படுத்துங்கள். முழுச் சார்ஜில் சூடாகக் கிடப்பது லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

பேட்டரியைத் தாண்டி இன்னொன்று: ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 18 முதல் ஐபோனிலும் செயலிச் சின்னங்களை விரும்பிய இடத்தில் வைக்கலாம், நிறமும் மாற்றலாம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் லாஞ்சரையே, அதாவது முகப்புத் திரையை நடத்தும் செயலியையே, மாற்றும் சுதந்திரம் எஸ்24 இயங்கும் ஆண்ட்ராய்டில்தான் இருக்கிறது. சாம்சங்கின் 'குட் லாக்' செயலி இருந்தால் பூட்டுத் திரைக் கடிகாரத்தைக்கூட இடம் மாற்றலாம். அதனால் என் வாக்கு எஸ்24-க்கே.

மெமரி கார்டு இரண்டிலும் போட முடியாது. அதனால் சேமிப்பிடம் 256 ஜிபி உள்ளதாகவே வாங்குங்கள்.