கொடை கேசட்டுகளை ஐபிஎஃப்எஸ்ஸில் ஏற்றலாமா?

களக்காட்டான்:
எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாக்களில் பாடிய வில்லுப்பாட்டுக் கேசட்டுகளையும் சில வீடியோக்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம். ஒரு பெரிய வீடியோ தளத்தில் போட்டால், யாரோ உரிமை கோரினார்கள் என்று இரண்டைத் தூக்கிவிட்டார்கள். இனி ஐபிஎஃப்எஸ்தான், ஒரே தளத்தை நம்பாமல் பலருடைய கம்ப்யூட்டர்களில் கோப்புகளை வைத்துப் பகிரும் வலைப்பின்னல். 2017ல் துருக்கியில் விக்கிப்பீடியாவை முடக்கியபோது அதன் துருக்கிப் பிரதியை இதில்தான் போட்டு வைத்தார்கள். முகவரி கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே வருகிறது. எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தாலும் எடுக்கலாம்.

பாளை சிஸ்டம்காரன்:
அண்ணாச்சி, எந்தக் கம்ப்யூட்டரிலாவது இருக்க வேண்டுமே! யாரும் 'பின்' பண்ணி (அழிக்கக் கூடாது என்று குறித்து) வைக்காத கோப்பு, இடம் காலி செய்யும்போது போய்விடும். உங்கள் வீட்டில் கரண்ட் போனால் முகவரி மட்டும் மிஞ்சும். செல்போனில் கேட்பவர் பெரும்பாலும் கேட்வே வழியாகத்தான், அதாவது ஐபிஎஃப்எஸ் கோப்பைச் சாதாரண பிரவுசருக்கு எடுத்துக் கொடுக்கும் இடைத்தளம் வழியாகத்தான் வருவார். அதுவும் ஒருத்தருடைய சர்வர்தானே? பிரேவ் பிரவுசரே 2021ல் ஐபிஎஃப்எஸ்ஸைச் சேர்த்து 2024ல் எடுத்துவிட்டது.

களக்காட்டான்:
சரி, நாமே வீடியோ தளம் நடத்த உதவும் பியர்ட்யூப் மென்பொருளை வைப்போம். பிரான்சின் ஃப்ராமாசாஃப்ட் என்ற அமைப்பு 2018ல் முதல் முழுப் பதிப்பை விட்டது. நம் சர்வர் நம் கையில். பார்க்கிறவர்களின் பிரவுசர்களே துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ளும். மும்பையில் இருக்கும் ஊர்க்காரர்களும் ஒரு சர்வர் வைத்துப் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

பாளை சிஸ்டம்காரன்:
ஒரே நேரத்தில் பலர் பார்த்தால்தான் அந்தப் பகிர்வுக்குப் பலன். நடுச்சாமத்தில் நடக்கும் சாமக்கொடைப் பாட்டை மொத்தமாக உட்கார்ந்து எத்தனை பேர் கேட்பார்கள்? ஃப்ரீநெட் என்ற பழைய பகிர்வு வலைப்பின்னலில் (இப்போது அதன் பெயர் ஹைஃபாநெட்) இன்னும் மோசம், நாளாவட்டத்தில் கேட்பாரற்ற கோப்பு தானாகவே உதிர்ந்துவிடும். நம் சரக்கு அந்த ரகம்தான், கோபப்படாதீர்கள்.

வள்ளியூர் மதினி:
ரெண்டு பேரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த வீடியோவில் அருள் வந்து ஆடுகிற பொம்பளைகள் தலைவிரி கோலமாய் இருப்பார்கள். அதில் எங்கள் அத்தையும் உண்டு. தளத்தில் இருந்தால் கேட்டு எடுக்க வைக்கலாம். உங்கள் வலைப்பின்னலில் பத்துப் பேர் பிரதி எடுத்த பிறகு நான் யார் வாசலில் போய் நிற்பேன்? பாடிய அண்ணாவி வீட்டிலாவது கேட்டீர்களா?

களக்காட்டான்:
மதினி, வீடியோ வேண்டாம், ஒலி மட்டும் போடுகிறோம். அழிக்க முடியாது என்பதுதானே இதன் பலம்?

வள்ளியூர் மதினி:
உங்களுக்குப் பலம். ஒலியிலும் பாட்டுக்கு நடுவே, இன்னார் மகன் இன்னார் இவ்வளவு அன்பளிப்பு என்று வாசிப்பார்களே, அதையும் கேட்டுப் பாருங்கள்.

பாளை சிஸ்டம்காரன்:
மதினி சொல்வது சரி. எந்தச் செயலி என்பது அப்புறம். மூலத்தை இரண்டு ஹார்டு டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள். சர்வர் வைப்பதென்றால் மாத வாடகை யார் கட்டுவது?

களக்காட்டான்:
கொடைக்கு வரி பிரிக்கும்போது அதற்கும் சேர்த்துப் பிரித்தால் போகிறது.

வள்ளியூர் மதினி:
முதலில் அண்ணாவி வீட்டுக்குப் போய்விட்டு வாங்க. வரியை அப்புறம் பேசலாம்.