கடலரிப்பைத் தடுக்கும் கருங்கல் சுவருக்குக் கடற்பக்க அடிவரிசைக் கல் எப்படிப் போடுவது?

வணக்கம். புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கே, கரையோர மனை ஒன்றுக்கு 40 மீட்டர் நீளத்தில் கருங்கல் தடுப்புச் சுவர் திட்டமிடுகிறோம். சரிவு 1:2 (1 மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் கிடை). மணல்மேல் ஜியோ துணி (நீரை விட்டு மணலைத் தடுக்கும் செயற்கைத் துணி), அதன்மேல் 60 முதல் 100 கிலோ கற்கள், வெளியே இரண்டடுக்குப் பெருங்கல். துணி இல்லாவிட்டால் இடுக்கு வழியே மணல் வெளியேறிச் சுவர் அமிழும் என்பது தெரிந்ததே.

சுவரடியில் 1.8 மீட்டர் அலைக்கு வெளிப் பெருங்கல் 1 டன் போதும், 2.2 மீட்டர் என்றால் ஏறக்குறைய 1.75 டன். அலை உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப எடை ஏறுவதால் ஊகத்தில் வாங்க முடியாது. மணல் தாழ்ந்தால் சுவரடியில் நீர் ஆழமாகி அலையும் உயரும்; வடகிழக்குப் பருவத்தில் அங்கே மணல்மட்டம் எவ்வளவு தாழ்கிறது, அளந்தவர்கள் உண்டா? அடிவரிசைக் கல்லைப் பள்ளத்தில் புதைப்பதா, முன்னால் கற்களைப் பரப்பிவிடுவதா?

மணல் வரத்து தெற்கிலிருந்துதான். ஆகவே சுவரின் வடக்கு முனையை நிலப்பக்கம் உள்ளே வளைக்காவிட்டால் பக்கத்து மனை அரிக்கும். எத்தனை மீட்டர் வளைத்தீர்கள்? கடலோர ஒழுங்குமுறை அனுமதிக்குத் தனியாக விண்ணப்பிக்கிறோம்.