ஆமைக்குப் பச்சைச் சூடை போடலாமா?

உப்புவெளிக்காரன்:
வீட்டில் ஒரு சிவப்புக்காது ஆமை இருக்கிறது. கரைவலை இழுக்கும் இடத்தில் காலையிலேயே சூடை, நெத்தலி வாங்கிப் பச்சையாகப் போடுகிறேன். இரண்டு மாதமாக இதுதான் சாப்பாடு. வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் கூடாது என்கிறார். துடிக்கத் துடிக்க வாங்கும் மீனில் என்ன குறை?

குளத்தடி:
கடைக்காரர் சொன்னது சரி. மீன் புதுசா பழசா என்பதல்ல பிரச்சினை. சூடை, நெத்தலி இனங்களில் தியாமினேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அது விற்றமின் பி1-ஐ உடைத்துவிடும். கோல்ட்ஃபிஷ்சிலும் அது உண்டு, அதனால் கடையில் விற்கிறார்கள் என்று அதையும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

உப்புவெளிக்காரன்:
பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் தின்கிற மீன் அது!

குளத்தடி:
சொதி வைத்துத்தானே அண்ணே தின்கிறீர்கள்? கொதியில் நொதி அழிந்துவிடும். ஃப்ரீசரில் அழியாது. அங்கே கிடக்கும்போதும் மீனில் உள்ள பி1-ஐக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருக்கும்.

உப்புவெளிக்காரன்:
காட்டு ஆமைக்கு யார் அவித்துக் கொடுக்கிறார்கள்?

குளத்தடி:
இந்த ஆமையின் ஊர் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். அங்கே கடல் சூடை அதன் வாயில் எப்படி விழும்? ஒரு நாள் நத்தை, ஒரு நாள் பூச்சி, மற்ற நாளெல்லாம் நீர்ச்செடி. நீங்கள் இரண்டு மாதமாக ஒரே மீனைப் போடுகிறீர்கள்.

கந்தளாய் வயல்:
நானும் குளத்தடி பக்கம்தான். மீனே வேண்டுமென்றால் குளத்துத் திலாப்பியா போடுங்கள், அதில் இந்தத் தொல்லை இல்லை. வெட்டுக்கிளி பிடிக்கப் போனால் மட்டும் கவனம். மருந்து அடித்த வயலில் சுலபமாகக் கையில் சிக்குவது பெரும்பாலும் மருந்து பட்டு மயங்கியதுதான். தேரைக் குஞ்சும் வேண்டாம், அதன் தோலே விஷம்.

உப்புவெளிக்காரன்:
என் ஆமை இன்றைக்கும் பாய்ந்துதான் தின்கிறது.

குளத்தடி:
பற்றாக்குறை மெதுவாகத்தான் வெளியே தெரியும். உடல் நடுங்கினால், நீந்தும்போது ஒரு பக்கம் சரிந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். அதுவரை காத்திருக்காமல் பாதிக்கு மேல் இலைதழையாக மாற்றுங்கள். வளர வளர அது அதைத்தான் கூடுதலாகத் தின்னும்.

உப்புவெளிக்காரன்:
கங்குன் கீரை போட்டுப் பார்க்கிறேன். நெத்தலியை ஒரேயடியாக விடமாட்டேன், கிழமைக்கு ஒரு தரம் அவித்துப் போடுவேன்.

குளத்தடி:
மாதத்துக்கு ஒரு தரம்.

உப்புவெளிக்காரன்:
கிழமைக்கு ஒன்று. வலை இழுத்தவர் சும்மா தருகிறார், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?